தார் ரோடும் மலைக் கல்லும்

ஆலைக் கழிவில் ரோடு போடுவது புதுசு என்று நினைக்கிறோம். ஆனால் "தார் ரோடு" என்கிற பேரிலேயே கழிவு இருக்கிறது. விளக்கெரிக்க நிலக்கரியிலிருந்து வாயு எடுத்தபின் மிஞ்சிய கறுப்புக் குழம்புதான் அந்தக் காலத்துத் தார்.

1901ல் இங்கிலாந்தின் டென்பியில் ஒரு தார் பீப்பாய் உடைந்து ரோட்டில் கொட்டிவிட்டதாம். பக்கத்து இரும்பாலையின் கசடைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் புழுதி பறக்காததை எட்கர் பர்னல் ஹூலி என்ற பொறியாளர் கவனித்தார். 1902ல் காப்புரிமை வாங்கினார். 'டார்மாக்' பிறந்த கதை இது. தாரும் கழிவு, கசடும் கழிவு.

சரியாக நூறு வருஷம் கழித்து நம்ம மதுரை. தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2002ல் கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் ரோடு போட்டுக் காட்டினார். ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். அப்புறம் தார் கலக்க வேண்டும். கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் இறங்காது, குழி விழுவதும் குறையும். பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் நச்சு வாயு வரும். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. ஆனா கணக்கைப் பாருங்க. ஒருவழி ரோடு 1 கிலோமீட்டர் போடச் சுமார் 10 டன் தார் வேணும். அதில் 1 டன்னுக்குப் பதிலாகத்தான் பிளாஸ்டிக். கலவையில் தாரே நூற்றுக்கு ஐந்து பங்கு போலத்தான், மற்றதெல்லாம் ஜல்லி. அந்த ஜல்லி ஏதோ ஒரு மலையை உடைத்து வருவது.

சம்புவராயர் தலைநகரான படவேடு பற்றிக் குறிப்பெடுக்கும்போது எனக்கு உறைத்தது இதுதான். ஊரைக் காத்ததும் ஜவ்வாது மலை, கமண்டல நதிக்குத் தண்ணி தருவதும் அதே மலை. மலையடி ஊர்க்காரனுக்குத் தார் மிச்சமாவதை விடக் கல் மிச்சமாவதுதான் முக்கியம்.

அதற்கும் வழி இருக்கிறது. 2022ல் சூரத் பக்கம் ஹசீராவில் ஜல்லிக்குப் பதில் முழுக்க எஃகுக் கசடையே போட்டு ஆறுவழிச் சாலை அமைத்தார்கள். புதுக் கசடில் சுண்ணாம்பு இருக்கும், தண்ணி பட்டால் உப்பும். அதனால் பதப்படுத்தித்தான் போடணும். கனமும் அதிகம், தூரம் போனால் லாரி வாடகை கட்டாது. ஆலைகளுக்குப் பக்கத்து ரோடுகளிலாவது இதைச் செய்யலாமே.

ரோட்டில் எவ்வளவு கழிவு சேர்த்தோம் என்று மட்டும் எழுதினால் போதாது. மலையிலிருந்து எத்தனை லோடு கல் குறைஞ்சதுன்னும் எழுதணும்.