மலரும் தீர்ப்பும்: அழுத்துமலர்க் கலைப் போட்டிகளின் வரலாற்று அடிப்படை

மலர்களையும் இலைகளையும் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, ஈரம் நீங்க உலர்த்தி, பின்னர் அவற்றையே வண்ணமாகவும் கோடாகவும் கொண்டு சித்திரம் அமைக்கும் கலை அழுத்துமலர்க் கலை எனப்படும். மேனாட்டு மலர்க் கண்காட்சிகளிலும் யப்பானிலும் இக்கலைக்கெனப் போட்டிகள் நடைபெறுகின்றன. அப்போட்டிகளில் நடுவர் முன் இரு வினாக்கள் எழுகின்றன. இங்குள்ளது மெய்யான தாவரந்தானா என்பது ஒன்று; இது நல்ல சித்திரமா என்பது மற்றையது. முன்னையது தாவரவியலாளர் கேட்கும் வினா. பின்னையது ஓவியர் கேட்கும் வினா. ஓவியப் போட்டியொன்றில் வண்ணம் எக்கடையில் வாங்கப்பட்டது என எவரும் வினவுவதில்லை. அவ்வாறாக, அழுத்துமலர்க் கலையில் மட்டும் மூலப்பொருளின் மெய்ம்மை இத்துணை முதன்மை பெறுவது ஏன்? இதற்கான விடையை அக்கலையின் வரலாற்றிலே தேடுவது பொருத்தமாகும்.

மலரை அழுத்திப் பேணும் முறை மருத்துவக் கல்வியின் தேவையால் வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞாவிலும் பீசாவிலும் மூலிகைகள் பற்றி விரிவுரையாற்றிய லூக்கா கினி என்பார், செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பயன்படுத்தும் முறையைப் பரப்பினார். குளிர்காலத்தில் தோட்டம் வெறுமையுற்ற வேளையிலும் பாடம் நிகழ இது வழிவகுத்தது. அவருடைய தொகுதி எஞ்சவில்லை. ஆயினும் அவர்தம் மாணாக்கர் வழியே அம்முறை ஐரோப்பாவெங்கும் பரவிற்று. இத்தகைய தொகுதிக்கு அக்காலத்தார் இட்ட பெயர் 'உலர்ந்த தோட்டம்' என்பதாகும். அத்தோட்டத்தில் அழகிலும் சான்றுக்கே முதலிடம் அளிக்கப்பட்டது. தண்டு, இலை, பூ, காய் ஆகியன தெளிவுறத் தோன்றல் வேண்டும். அச்செடியில் இல்லாத எதனையும் சேர்த்தல் ஆகாது.

அச்சான்றின் ஆற்றலை உணர்த்தும் தொகுதியொன்று ஈழத்துச் செடிகளால் ஆனது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் மருத்துவராக 1670களில் இலங்கையிற் பணியாற்றிய போல் ஹேர்மன் இங்குள்ள செடிகளைச் சேகரித்து அழுத்தி வைத்தார். அவர் 1695ஆம் ஆண்டில் மறைந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின் அத்தொகுதி சுவீடன் நாட்டு அறிஞர் லினேயஸிடம் சென்று சேர்ந்தது. இலங்கையை ஒருபோதும் கண்டிராத லினேயஸ், அவ்வுலர்ந்த செடிகளைக் கொண்டே 1747ஆம் ஆண்டில் 'புளோரா சிலானிக்கா' என்னும் நூலை வெளியிட்டார். பின்னர் அத்தொகுதியை ஆங்கிலேய அறிஞர் சேர் ஜோசப் பாங்ஸ் விலைக்கு வாங்கினார். அது இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது.

இதே பாங்ஸின் பெயர் கலைத் துறையிலும் ஒரு தீர்ப்புடன் தொடர்புற்று நிற்கின்றது. 1768ஆம் ஆண்டில் இலண்டனில் றோயல் கலைக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் தொடக்க உறுப்பினருள் பெண்கள் இருவரே இடம்பெற்றனர். அவருள் ஒருவரான மேரி மோசர் மலர் ஓவியத்தாற் புகழ்பெற்றவர். ஆயின், ஊசிவேலை, செயற்கை மலர், வெட்டுத்தாள் வேலை, சிப்பி வேலை முதலியன தன் கண்காட்சியில் ஏற்கப்படமாட்டா எனக் கழகம் சின்னாட்களிலேயே விதித்தது. தைல வண்ணத்தில் தீட்டிய மலருக்குக் கதவு திறந்திருந்தது. தாளாலும் நூலாலும் ஆக்கிய மலருக்கு அது மூடப்பட்டது. வீட்டிலிருந்த பெண்டிர் பெரிதும் பயின்ற கைவினைகளே இவ்விதியால் விலக்குண்டன என்பது நோக்கற்பாலது.

இவ்விதி எழுந்து சில ஆண்டுகளுள், 1772ஆம் ஆண்டில், மேரி டெலானி என்னும் மூதாட்டியார் தமது 72ஆம் வயதில் வண்ணத்தாள்களை நுணுக்கமாக வெட்டிக் கரிய பின்னணியில் ஒட்டி மலர்களை உருவாக்கத் தொடங்கினார். சிலவற்றில் மெய்யான உலர் இலைகளையும் சேர்த்து ஒட்டினார். பார்வை மங்கும் வரை சுமார் பத்தாண்டுகள் உழைத்து, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான படைப்புகளை ஆக்கினார். பிழை நேருமென்ற அச்சமின்றி ஒரு செடியைத் தாவரவியல் முறையில் விவரிக்கத்தக்க ஒரே போலிகை இவையே எனப் பாங்ஸ் கருதியதாகக் கூறப்படுகின்றது. கலைக் கழகம் ஏற்க மறுத்த வகையைச் சேர்ந்த வேலையை அறிவியல் ஏற்றுப் போற்றியது. அவற்றுட் பெரும்பாலானவை இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன.

கலைக் கழகத்துக்குப் புறத்தே நின்ற இத்தகைய வேலைகளுக்குத் தோட்டக்கலைச் சங்கங்களின் வழியே பிறிதோர் அரங்கு காலப்போக்கில் வாய்த்தது. இங்கிலாந்தில் 1804ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1827ஆம் ஆண்டிலும் அச்சங்கங்கள் தோன்றின. பிலடெல்பியாவின் முதல் மலர்க் கண்காட்சி 1829ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. தொடக்கத்திற் செடிகளின் செழுமையே மதிப்பிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் மலர் அலங்காரமும், அதனையொட்டி அழுத்துமலர்ச் சித்திரமும் போட்டிப் பிரிவுகளாயின. அவற்றை மதிப்பிடப் பயிற்சி பெற்ற நடுவர் தேவைப்பட்டனர். அமெரிக்கத் தோட்டச் சங்கங்கள் நடுவர்க்கெனப் பயிற்சி வகுப்புகளை நடத்தி, நூறு புள்ளிகளைக் கூறுகளாகப் பிரித்து வழங்கும் முறையை வகுத்தன.

இவ்வரங்கில் நுழைவோர் முதலிற் கருத்தூன்ற வேண்டியது போட்டி அறிவித்தலாகும். சட்டகத்தின் அளவு, தலைப்பு, அனுமதிக்கப்பட்ட பொருள் ஆகியவற்றுள் ஒன்றை மீறினும், பிரித்தானிய வழக்கில் 'அறிவித்தலுக்கு அமையாதது' எனக் குறிக்கப்பட்டுப் படைப்பு பரிசுக்குரிய தகுதியை இழக்கும். அதன் அழகு அதனைக் காப்பாற்றாது. நடுவர் மதிப்பிடும்வரை படைத்தவரின் பெயர் மறைக்கப்படுதல் பொதுவழக்கு. மதிப்பிடும் முறையும் இருவகைப்படும். படைப்புகளைத் தம்முள் ஒப்பிட்டு முதலாம், இரண்டாம் இடங்களை வழங்குவது ஒருவகை. இங்கிலாந்தின் றோயல் தோட்டக்கலைச் சங்கம் பதக்கம் வழங்குவதுபோல, ஒவ்வொன்றையும் நிலையான தரமொன்றுடன் ஒப்பிடுவது மற்றொரு வகை. முன்னையதில் ஒருவரின் வெற்றி பிறரின் தோல்வியாகும். பின்னையதிற் பலர் ஒருங்கே தங்கப் பதக்கம் பெறலாம், எவரும் பெறாமலும் போகலாம்.

நடுவரிடையே பெரிதும் கருத்து வேறுபாட்டுக்கு இடமளிப்பது நிறமாகும். சிவப்பு, நீலம் முதலிய நிறங்களைத் தரும் அந்தோசயனின் பொருள்கள் ஒளியாலும் ஈரத்தாலும் எளிதில் மாறுவன. ஆகவே, சாயமேற்றி நிறத்தை மீட்டல் தகுமா என்னும் வினா எழுகின்றது. சில போட்டிகள் அதனை முற்றாக விலக்குகின்றன. சில, வெளிப்படையாகக் கூறின் ஏற்கின்றன. ஈரமுறிஞ்சும் பொருள்களையும் காற்றுப்புகாச் சட்டகங்களையும் கையாண்ட யப்பானியர், சாயமின்றியே நிறத்தை நெடுநாள் காக்கும் வழியை வளர்த்தனர். சாயத்தை விலக்கும் நடுவரின் உள்ளத்தில், செடியில் இல்லாததைச் சேர்க்கலாகாது என்ற உலர்ந்த தோட்டத்து விதியே இன்றும் ஒலிக்கின்றது எனலாம்.

இக்கலையை உலகறியச் செய்தவருள் ஒருவர் பிலடெல்பியாவிற் பிறந்து மொனாக்கோவின் இளவரசியான கிறேஸ் ஆவார். அவர் 1968ஆம் ஆண்டில் மொனாக்கோ தோட்டக் கழகத்தை நிறுவினார். அதன் ஆதரவில் மலர் அலங்காரப் போட்டிகள் நிகழ்ந்தன. தாம் ஆக்கிய அழுத்துமலர்ச் சித்திரங்களில் இளமைப் பெயரின் முதலெழுத்துக்களையே பொறித்தார். 1977ஆம் ஆண்டில் அவை பாரிஸ் கலைக்கூடமொன்றிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. கலைக்கூடத்தின் கதவு அழுத்துமலருக்குத் திறந்தமை மகிழ்தற்குரியதே. ஆயினும், அக்கதவு ஓர் இளவரசிக்குத் திறந்தது என்பதையும் மறத்தலாகாது. பெயரறியாத ஒருவரின் சித்திரம் பெயர் மறைக்கப்பட்டு நேர்மையாக நோக்கப்படும் இடம் போட்டிக் கூடமேயாகும்.

இங்ஙனம் நோக்குமிடத்து, நடுவரின் இரு வினாக்களும் இருவேறு மரபுகளின் எச்சங்கள் என்பது புலனாகும். மெய்ம்மை பற்றிய வினா, இக்கலையைக் கலைக் கழகங்கள் புறக்கணித்த காலத்தும் மதித்துக் காத்த அறிவியலின் கொடை. அதனைக் கைவிடின் அழுத்துமலர், ஓவியத்தின் மெலிந்த நிழலாகிவிடும். அதனையே முழு அளவுகோலாக்கின், ஒருகால் கலைக் கழகம் பொருளை நோக்கி ஆக்கத்தை விலக்கிய அதே பிழை மீண்டும் நிகழும். மூலப்பொருள் மெய்யா எனக் கேட்டபின், அம்மெய்யைக் கொண்டு ஆக்கியோன் யாது செய்தான் என்றும் கேட்கும் நடுவரே இவ்வரலாற்றுக்கு நீதி செய்பவராவர்.