பொன்னை உரைத்தவர்கள்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதல் நகைக்கடன் நிறுவனங்கள் வரை – நிதி அமைப்புகளின் பணியாளர் முறையும் போட்டியும்

ஆய்வுச் சுருக்கம்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறைக்கான சான்றுகளாகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவை பிறர் பொன்னைக் கையாளும் ஓர் அமைப்பு தன் பணியாளரை எவ்வாறு தேர்ந்தது, எவ்வாறு கட்டுப்படுத்தியது என்பதற்கான சான்றுகளுமாகும். இக்கட்டுரை அவற்றை அந்நோக்கில் வாசித்து, காஞ்சிபுரம் வட்டாரத்தில் பிற்காலத்தில் இயங்கிய கூட்டுறவுச் சங்கம், பொதுத்துறை வங்கி, நகைக்கடன் நிறுவனம் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறது. பொன்னின் தரத்தைச் சொல்பவர் யாருடைய ஆள் என்ற வினாவே ஒப்பீட்டின் அச்சாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், பொன் வாரியம், ஏரி வாரியம், உரைகல், நகை மதிப்பீட்டாளர், கூட்டுறவு, நகைக்கடன்.

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டம் ஏரிப்பாசனத்தை நம்பிய வேளாண் பகுதி. சொர்ணவாரிப் பட்டத்திற்கும் சம்பாவிற்கும் முன்னர் விதைக்கும் உரத்திற்கும் உழவுக்கூலிக்கும் பணம் புரட்ட வேண்டியிருக்கும். சிறு உழவர் குடும்பங்கள் பல அதற்கு நாடுவது வீட்டுப் பெண்களின் நகையையே. அந்நகை கூட்டுறவுச் சங்கத்திற்கோ, பொதுத்துறை வங்கிக்கோ, தனியார் நகைக்கடன் நிறுவனத்திற்கோ, அடகுக் கடைக்கோ செல்லலாம். ஒரே நகைக்காக இந்நான்கும் போட்டியிடுகின்றன.

இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வட்டி விகிதத்தையும் கடன் வழங்கும் வேகத்தையும் நோக்குகின்றனர். நகையை உரைகல்லில் தேய்த்து அதன் மாற்றைச் சொல்பவர் எவ்வகைப் பணியாளர், அவருக்கு ஊதியம் தருபவர் யார், அவர் தவறினால் இழப்பு யாரைச் சேரும் என்பவை அரிதாகவே கேட்கப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரில் எழுத்துவடிவில் விடை காண முயன்றுள்ளனர் என்பது நோக்கத்தக்கது.

2. பொன்னை ஏற்ற சபை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (பொ.ஆ. 919, 921) சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை முப்பது குடும்புகளாகப் பிரிந்து, குடவோலை வழியே சம்வற்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றிற்கு உறுப்பினரைத் தேர்ந்ததை இவை விரிவாகக் கூறுகின்றன. பொன்னுக்கெனத் தனி வாரியம் தேவைப்பட்டது ஏன்?

சபை ஒரு நிதி அமைப்பாகவும் இயங்கியது என்பதே விடை. அறக்கொடையாளர் தந்த பொன்னைச் சபை முதலாக ஏற்றது. அதிலிருந்து வரும் பொலிசையைக் கொண்டு குறித்த அறத்தை நடத்துவதாக உறுதியளித்தது. இவ்வூர் ஏரியாகிய வயிரமேக தடாகத்தைத் தூர்வாரும் பணிக்கு இவ்வாறு பொன் ஒப்படைக்கப்பட்டது. முதல் அழியக்கூடாது, பொலிசை தடைப்படக்கூடாது, ஏற்பாடு சூரிய சந்திரர் உள்ளவரை நிலைக்க வேண்டும். எனவே கொடையாளர் மனத்தில் சபையின் நாணயமே முதன்மையான பிணையாக நின்றிருக்கும்.

பொன்னை ஏற்கும் உரிமை சபைக்கு மட்டும் உரியதன்று. ஊரார், நகரத்தார், கோயிலார் ஆகியோரும் அதனை ஏற்றனர். உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று காஞ்சிபுரத்துத் திருமால் கோயிலுக்குரிய பொன் நகரின் சேரிகளிடமும், கூரம், அரியபெரும்பாக்கம் போன்ற ஊர்ச் சபைகளிடமும் பிரித்து வைக்கப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலோ தன் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு ஆண்டுக்கு எட்டிலொரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு, பொலிசைக்குத் தந்தது. பொன் வைப்போருக்குத் தெரிவுகள் இருந்தன. தெரிவு உள்ள இடத்தில் வெளிப்படையான சொற்களில் இல்லாவிடினும் போட்டியும் இருந்திருக்கும் எனக் கருதலாம்.

3. கணக்கரும் பொன்னறிவாரும்

இப்பின்னணியில் நோக்கினால் குடவோலைக் கல்வெட்டின் தகுதி விதிகள் வேறொரு பொருளையும் தருகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தகுதி பெறமாட்டார்; அவர் மட்டுமன்றித் தந்தைவழி, தாய்வழி உறவினரும் விலக்கப்படுவர். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் தேரப்படார். பிறர் பொருளைக் கவர்ந்தவரும் பொய் ஆவணம் செய்தவரும் நிலையாக நீக்கப்படுவர். சமயஞ்சார்ந்த விதிகளும் உடனிருப்பினும், மேற்கூறியவை நிதிப் பொறுப்பாளருக்கான கட்டுப்பாடுகளே எனலாம்.

கணக்கருக்கான விதி இன்னும் கூர்மையானது. தாம் பணியாற்றிய காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் ஒப்புவித்துத் தூயவர் எனப்பட்ட பின்னரே ஒருவர் மீண்டும் அப்பணியில் அமர முடியும். தாம் எழுதிய கணக்கைத் தாமே ஒப்புவிக்க வேண்டும். அதனை முடிக்க வேறொரு கணக்கரைப் புகுத்தலாகாது. இவ்வூரின் மற்றொரு கல்வெட்டு கணக்கருக்கு நெல்லும் பொன்னும் ஆடையும் ஊதியமாக வகுக்கிறது. கணக்கை ஒப்புவித்த பின் பழுக்கக் காய்ச்சிய மழுவைப் பிடித்து நேர்மையை மெய்ப்பிக்கவும் பணிக்கிறது. பின்னது இன்றைய நெறிக்கு ஏலாத கொடுமை. எனினும் ஊதியமும் தணிக்கையும் ஒரே தீர்மானத்தின் இரு பகுதிகளாக எழுதப்பட்டிருப்பது கருதத்தக்கது.

பொன்னை உரைத்து மாற்றுக் காண்போரைப் பற்றிய கல்வெட்டு இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. பொன்னறியும் தொழில் அறிந்தோர் மாடவீதியார், சேனையார், சங்கரப்பாடியார் ஆகிய பிரிவுகளிலிருந்து தேரப்பட்டனர். சபையின் ஆட்சி அந்தணர் கையில் இருந்தும், திறன் வேண்டிய இடத்தில் சபை தனக்கு வெளியே சென்று ஆள் தேடியது. அவர்கள் எவருக்கும் சார்பின்றிப் பொன்னை உரைக்க வேண்டும். சேரும் மெழுகை ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை சம்வற்சர வாரியத்தார் முன் உறுதிமொழி கூற வேண்டும்.

மெழுகைப் பற்றிய விதியைச் சற்று விளக்குதல் தகும். பொன்னை உரைகல்லில் தேய்க்கும்போது கல்லில் நுண்ணிய பொன் துகள் படியும். மெழுகால் ஒற்றி எடுத்தால் துகள் மெழுகில் சேரும். ஒருமுறை ஒற்றியதில் கிடைப்பது கண்ணுக்கே தெரியாத அளவு. பல நூறு முறை உரைத்தபின் அது ஒரு சொத்து. அச்சொத்து உரைத்தவருக்கும் உரியதன்று, பொன்னைக் கொண்டுவந்தவருக்கும் திரும்பாது. ஊருக்குப் பொதுவான ஏரிக்குச் சேரும். இதனால் மிகுதியாகத் தேய்த்துத் துகள் சேர்க்கும் ஆவல் பொன்னறிவாருக்கு எழ வழியில்லை. பணியாளரின் தனி ஆதாயமும் வாடிக்கையாளரின் இழப்பும் சந்திக்கும் புள்ளியைச் சபை கண்டறிந்து அங்கேயே விதியை நாட்டியுள்ளது.

இச்சபையைப் பொற்காலத்தின் சின்னமாகக் கொள்ள இயலாது. நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் உடைய ஆடவருக்கே வாரியம் திறந்திருந்தது. பெண்களும் நிலமற்ற உழைப்பாளரும் அதற்கு வெளியே நின்றனர். நாம் கொள்ளத்தக்கது விதியின் தருக்கத்தையே.

4. 1904, 1906: இரு திருப்பங்கள்

பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இதே வட்டாரம் இந்திய நிதி வரலாற்றில் மீண்டும் இடம்பெறுகிறது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வாண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவு செய்யப்பட்டது. இவ்வகைச் சங்கத்தின் வலிமை உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதிலும் கணக்கு அவர்கள் பார்வைக்குத் திறந்திருப்பதிலும் இருந்தது.

இரண்டு ஆண்டுகளில் இதற்கு நேரெதிரான நிகழ்வு சென்னையில் நடந்தது. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. சென்னை மாகாணத்தில் பெருமதிப்புப் பெற்ற அந்நிறுவனத்தில் வைப்பு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். பங்குதாரர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். வைப்பாளர் நம்பியது நிறுவனத்தின் பெயரை. அப்பெயருக்குப் பின்னிருந்த கணக்கைக் காண அவர்களுக்கு வழியில்லை. அந்த முறிவின் படிப்பினையாக வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோரின் முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயற்படத் தொடங்கியது. அவ்வங்கியே இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கியாக உள்ளது.

5. இக்காலப் பணியமைப்பாளர்கள்

இந்தியன் வங்கி உட்பட 14 வங்கிகள் 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையாயின. அதற்கு முன்னரே, 1966இல் கையெழுத்தான முதல் இருதரப்பு ஒப்பந்தம் வங்கிப் பணியாளரின் ஊதியத்தைத் துறை முழுமைக்கும் பொதுவாக வகுக்கும் மரபைத் தொடங்கியிருந்தது. இதனால் அரசு வங்கிகள் வாடிக்கையாளருக்காகப் போட்டியிட்டாலும் எழுத்தர் ஊதியத்தில் பெரிதும் போட்டியிடுவதில்லை. தேர்வெழுதி வந்தவர், பணிப்பாதுகாப்பும் தொழிற்சங்கமும் உடையவர் – இதுவே பொதுத்துறை வங்கிப் பணியாளரின் உருவம்.

ஆனால் இவ்வுருவத்திற்குள் நகை மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அடங்குவதில்லை. பல வங்கிக் கிளைகளில் அவர் நிலையான பணியாளர் அல்லர். கடனுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறுபவர். அக்கட்டணத்தைச் செலுத்துபவர் கடன் பெறுபவரே. வங்கியின் மிகப் பாதுகாப்பான கடன் எனக் கருதப்படுவது, வங்கியின் மிகக் குறைந்த பாதுகாப்புடைய உழைப்பாளரின் சொல்லை நம்பி நிற்கிறது.

நகைக்கடன் நிறுவனங்களின் வழி வேறு. கேரளத்தைத் தலைமையிடமாகக் கொண்ட முத்தூட் ஃபைனான்ஸ், மணப்புரம் ஃபைனான்ஸ் போன்றவை கிளைப் பணியாளருக்கே மாற்றறியும் பயிற்சி அளிக்கின்றன. மதிப்பிடுபவர் நிறுவனத்தின் ஆள் என்பதால் கடன் விரைவாகக் கிடைக்கிறது. அதுவே இந்நிறுவனங்களின் போட்டி வலிமை. ஆனால் விற்பனை இலக்கும் மதிப்பீட்டுப் பொறுப்பும் ஒரே கிளையில், சில வேளை ஒரே கையில் சேரும்போது, மாற்றைக் கூட்டிச் சொல்லும் உந்துதலும் அங்கேயே பிறக்கிறது.

இப்போட்டியின் எல்லையை வகுப்பது இந்திய ரிசர்வ் வங்கி. 2012இல் நகைக்கடன் நிறுவனங்கள் நகை மதிப்பில் 60 விழுக்காட்டிற்கு மேல் கடன் தரலாகாது என்றது. 2014இல் அவ்வரம்பு 75 ஆயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆகஸ்டு முதல் 2021 மார்ச் வரை, வங்கிகள் வேளாண்மை சாராத நகைக்கடனுக்கு 90 விழுக்காடு வரை தரலாம் என்ற தளர்வு வங்கிகளுக்கு மட்டும் அளிக்கப்பட்டது. ஆக, போட்டியின் வெற்றி தோல்வி நிறுவனத்தின் திறனை மட்டும் சார்ந்ததன்று.

6. உரைகல்லின் முன் மீண்டும்

2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, நகையின் மதிப்பீட்டை வெளியாரிடம் விடுதல், வாடிக்கையாளர் இல்லாதபோது மதிப்பிடுதல் ஆகிய குறைகளைச் சுட்டியது. 2025 ஜூனில் வந்த நெறிமுறைகள் வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பொதுவானவை. கடன் பெறுபவர் முன்னிலையிலேயே மாற்றுக் காண வேண்டும். கழிக்கப்படும் எடையை அவருக்கு விளக்க வேண்டும். கடன் தீர்ந்து ஏழு வேலைநாள்களுக்குள் நகையைத் திருப்பித் தராமல் நிறுவனமே தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு தர வேண்டும். 2.5 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு வரம்பு 85 விழுக்காடாக உயர்ந்தது. முன்வரைவு கடுமையாக இருந்தபோது அதற்கு எதிராகத் தமிழகத்திலிருந்து எழுந்த குரல், இங்குள்ள சிறு உழவர் வாழ்வில் நகைக்கடனின் இடத்தைக் காட்டியது.

இவ்விதிகள் பெரும்பாலும் நிறுவனத்திற்கும் கடன் பெறுபவருக்கும் இடையிலானவை. மதிப்பிடுபவரின் ஊதியம், பணிக்காலம், இலக்கு ஆகியவை நிறுவனத்தின் உள்விவகாரமாகவே விடப்படுகின்றன. உத்திரமேரூர்ச் சபையோ இரண்டையும் பிரிக்கவில்லை. பொன்னறிவாரைத் தேரும் முறை, அவர் உரைக்கும் முறை, எஞ்சும் துகளின் உரிமை, உறுதிமொழியின் காலம் ஆகிய அனைத்தும் ஊரறியக் கல்லில் இருந்தன. பொன் கொண்டுவந்த எவரும், குறைந்தது கோட்பாட்டளவில், உரைப்பவருக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாட்டை அறிந்திருக்கக் கூடும்.

கூட்டுறவும் இதற்கு விலக்கன்று. 2021இல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து சவரன் வரையான நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்ய முற்பட்டபோது, சரிபார்ப்பில் முறைகேடுகள் வெளிப்பட்டதாக அரசே அறிவித்தது. உறுப்பினர் ஒருவரையொருவர் அறிவர் என்ற 1904ஆம் ஆண்டின் அடிப்படை, தணிக்கைக்கு மாற்றாகாது என்பதை அது உணர்த்திற்று.

7. முடிவுரை

நிதி அமைப்பு ஒன்று பணியமைப்பாளராக எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதும், போட்டியாளராக எவ்வாறு நிற்கிறது என்பதும் இரு வேறு வினாக்கள் அல்ல. சபை தன் கணக்கரையும் பொன்னறிவாரையும் கட்டுப்படுத்திய விதத்தாலேயே பொன் வைப்போரின் நம்பிக்கைக்கு உரிமை கோரியது. ஆர்பத்நாட் பெயரால் போட்டியிட்டது, கணக்கால் வீழ்ந்தது. இன்றைய பொதுத்துறை வங்கி தன் எழுத்தரைப் பாதுகாத்து மதிப்பீட்டாளரை வெளியே நிறுத்துகிறது. நகைக்கடன் நிறுவனம் அவரை உள்ளே கொணர்ந்து இலக்கின்கீழ் வைக்கிறது. இரண்டிலும் போட்டியின் சுமை உரைகல்லின் முன் அமர்ந்திருப்பவர் மீதே இறங்குகிறது. அவர் வழியாக நகையின் உரிமையாளரைச் சேர்கிறது.

உத்திரமேரூரைக் காண வருவோருக்குக் குடவோலையே முதலில் சொல்லப்படுகிறது. மெழுகில் ஒட்டிய பொன்னும் ஏரிக்கே உரியது என்ற தீர்மானமும் அதே அளவு எடுத்துரைக்கத்தக்கது. நிதி நிறுவனங்களை ஒப்பிடும் ஆய்வுகள் வட்டி விகிதத்தோடு மதிப்பீட்டாளரின் பணிநிலையையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.