யாருடைய சம்மதத்துடன் துடித்த இதயம்?

1964 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் திகதி, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில், மரணத்தின் விளிம்பில் இருந்த 68 வயது நோயாளி ஒருவருக்குச் சிம்பன்சிக் குரங்கின் இதயம் பொருத்தப்பட்டது. சத்திரசிகிச்சையை மேற்கொண்டவர் வைத்தியர் ஜேம்ஸ் ஹார்டி. மனித இதயம் ஒன்றுக்காகவே அவர் காத்திருந்தார். ஆனால், மூளைச்சாவைச் சட்டம் ஏற்காத காலம் அது. கொடையாளியின் இதயம் தானாக நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் நோயாளியின் நிலை மோசமடைந்தது. பொருத்தப்பட்ட சிறிய இதயம் ஏறக்குறைய 90 நிமிடங்களே துடித்தது.

நோயாளி அப்போது நினைவிழந்திருந்தார். உறவினர் கையொப்பமிட்ட ஒப்புதல் பத்திரத்திலோ விலங்கின் இதயம் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

மனிதரின் மார்பில் துடித்த முதலாவது மாற்று இதயம் மனித இதயமன்று என்பதைப் பலர் அறியார். 1967 டிசம்பர் 3 ஆம் திகதி கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னாட் மனித இதயத்தைப் பொருத்தியதையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவரும் 1977 இல் பபூன், சிம்பன்சி இதயங்களைத் துணை இதயங்களாகப் பொருத்திப் பார்த்தார். நோயாளிகள் இருவரும் சில நாட்களுக்குள் இறந்தனர்.

1984 ஒக்டோபர் 26 ஆம் திகதி, கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில், பிறந்து 12 நாட்களேயான பெண் குழந்தைக்கு வைத்தியர் லெனாட் பெய்லி பபூனின் இதயத்தைப் பொருத்தினார். 'பேபி ஃபே' என்று உலகம் அறிந்த குழந்தை அது. எமது பத்திரிகைக் காரியாலயத்தின் தொலையச்சு இயந்திரத்தில் நாள்தோறும் அக்குழந்தையின் செய்தி வந்து விழும். நவம்பர் 15 ஆம் திகதி அது இறந்தது. மனித இதயம் ஒன்றை ஏன் தேடவில்லை என்ற கேள்வி அன்று பலமாக எழுந்தது. பெற்றோர் சம்மதித்தனர்; குழந்தையை யார் கேட்பது?

1997 ஜனவரியில் இந்தியாவின் அசாமில் வைத்தியர் தனிராம் பரூவா பன்றியின் இதயத்தை 32 வயது இளைஞருக்குப் பொருத்தினார். இளைஞர் ஒரு வாரத்தில் இறந்தார். வைத்தியர் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் கைதாகிச் சிறை சென்றார்.

குரங்கை விட்டுப் பன்றியை நாடியதற்குக் காரணங்கள் உண்டு. அதன் இதயம் அளவில் மனித இதயத்தை ஒத்தது. பெருந்தொகையாக வளர்க்கவும் இயலும். ஆனால், பன்றியின் இரத்தக் குழாய்களிலுள்ள ஒருவகைச் சர்க்கரை மூலக்கூற்றை மனித உடல் பகையாக அடையாளம் கண்டு, சில நிமிடங்களிலேயே தாக்கத் தொடங்கிவிடும். பரம்பரை அலகுகளை மாற்றும் நுட்பமே இத்தடையைத் தளர்த்தியது.

2022 ஜனவரி 7 ஆம் திகதி மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் வைத்தியர்கள் பாட்லி கிரிஃபித், முகமது மொஹியுத்தீன் குழுவினர் 57 வயது நோயாளிக்குப் பொருத்திய பன்றி இதயத்தில் 10 அலகுகள் மாற்றப்பட்டிருந்தன. அவற்றுள் 6 மனித அலகுகள். அவர் இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். அவ்விதயத்துடன் பன்றி வைரஸ் ஒன்றும் உட்புகுந்திருந்தது பின்னர் தெரியவந்தது. 2023 செப்டெம்பரில் இவ்வாறு இதயம் பெற்ற இரண்டாமவர் ஏறக்குறைய ஆறு வாரங்கள் உயிருடன் இருந்தார்.

90 நிமிடங்கள் இரண்டு மாதங்களாக நீண்டதை முன்னேற்றம் என்றே கூற வேண்டும். ஆயினும் என் பார்வையில் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. 1964 இன் நோயாளியிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. 2022 இன் நோயாளியோ, தான் பிழைக்காமற் போகலாம் என்பதை அறிந்தே சம்மதித்தார். அவர் தந்த இரண்டு மாதங்களிலிருந்துதான் அடுத்த நோயாளிக்கான பன்றியை இன்னும் நுணுக்கமாகச் சோதிக்க வேண்டும் என்பதை வைத்தியர்கள் கற்றனர்.