சிவப்புத் தோளாடையும் பொன்னாடையும்

உரோமைத் திருச்சபையின் தலைவருக்கு ஈழத்துத் தமிழில் வழங்கும் பெயர் பாப்பரசர். தமிழ்நாட்டில் போப்பாண்டவர் என்பார்கள். முதற் சொல்லில் அரசர் இருக்கிறார். இரண்டாவதில் ஆண்டவரே இருக்கிறார். இன்று ஆலயங்களில் வழங்கும் 'திருத்தந்தை' என்ற சொல்லில்தான் தந்தை வருகிறார். இலத்தீன் மூலச் சொல்லின் பொருளும் தந்தை என்பதே. அந்தப் பொருளை எட்டத் தமிழும் சற்றுச் சுற்றித்தான் வந்திருக்கிறது.

2013 மார்ச் 13ஆம் திகதி இரவு, ஆர்ஜென்டினாவின் கர்தினால் ஹோர்ஹே பெர்கோலியோ பிரான்சிஸ் என்ற பெயரோடு புனித பேதுரு பேராலயத்தின் மாடத்தில் தோன்றினார். இலங்கையில் அப்போது நள்ளிரவு கடந்து ஒரு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய பாப்பரசர் வழமையாக அணியும் சிவப்புத் தோளாடை அவர் தோளில் இல்லை. மார்பில் பொற்சிலுவையும் இல்லை. 'மாலை வணக்கம்' என்று தொடங்கினார். தம்மை உரோமையின் ஆயர் என்றே குறிப்பிட்டார். மக்களை ஆசீர்வதிக்கும் முன், தமக்காக மன்றாடும்படி அவர்களைக் கேட்டுத் தலை குனிந்து நின்றார். மறுநாள் தாம் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று, தம் கணக்கைத் தாமே தீர்த்தார். அரண்மனைக்குக் குடிபோகாமல் சாந்தா மார்த்தா விருந்தினர் இல்லத்திலேயே தங்கிவிட்டார்.

கத்தோலிக்கரிற் பெரும்பாலோர் உளம் நெகிழ்ந்தனர். ஒரு சாரார் முகம் சுளித்தனர். உடை ஆளுக்குரியதன்று, பதவிக்குரியது. அதை விலக்குவதற்குத் தனி மனிதருக்கு உரிமை உண்டா என்பது அவர்கள் கேள்வி. அந்த மாத இறுதியில், பெரிய வியாழனன்று, அவர் உரோமையின் இளையோர் சிறைக்குச் சென்று பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இருந்தனர், இஸ்லாமியரும் இருந்தனர். முணுமுணுப்பு மேலும் உரத்தது. ஆயினும் 2016இல் அச்சடங்கின் விதியே மாற்றப்பட்டு, பெண்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

இந்த விவாதத்தை உரோமையில் நின்று பார்ப்பது ஒரு வகை. திருகோணமலைத் துறைமுகத்தில் நின்று பார்த்தால் அதே விவாதத்துக்கு வேறொரு ஆழம் தெரிகிறது. திருச்சபை அரசரின் கோலத்தில் வந்தால் என்ன நடக்கும், துறவியின் கோலத்தில் வந்தால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் கண்ணாரக் கண்ட ஊர் அது.

முதலில் வந்தது அரசரின் கோலம். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா தலைமையிலான படை இடித்தது. அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. இன்று பிரெட்ரிக் கோட்டை என வழங்கும் அதன் வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லை இப்போதும் காணலாம். சிலுவைக் கொடியின் நிழலில் நடந்த காரியம் அது. திருகோணமலையின் சைவ மக்கள் அதை மறக்கவில்லை. நேர்மையான கத்தோலிக்கர் எவரும் அதை மறைப்பதுமில்லை.

பீரங்கியை நம்பி வந்த அந்தத் திருச்சபையைப் பீரங்கியே விரட்டியது. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1658இல் போர்த்துக்கேயர் இலங்கையை விட்டே அகன்றனர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என ஒல்லாந்தர் சட்டம் செய்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இத்தீவின் கத்தோலிக்கர் குருவின்றி வாழ்ந்தனர்.

1687இல் கோவாவிலிருந்து ஒரு குரு வந்தார். கப்பற்படையோடு அல்ல, கூலியாள் வேடத்தில், வெறுங்காலோடு. யோசேப் வாஸ் என்பது அவர் பெயர். கழுத்தில் செபமாலை தெரிய யாழ்ப்பாணத்து வீடுகளில் பிச்சை கேட்டு நடந்தார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ அவரே கத்தோலிக்கர் என அறிந்துகொள்வதற்காக. தமிழ் கற்றார். கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். 1711 சனவரி 16இல் அங்கேயே இறந்தார். கோட்டை கட்டி வந்தவர்கள் கைவிட்டுப் போனதைப் பிச்சைப் பாத்திரம் ஏந்தி வந்தவர் மீட்டெடுத்தார் என்பதே இலங்கைத் திருச்சபை வரலாற்றின் சாரம். பிரித்தானியர் ஆட்சியில், 1806இல்தான் கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் நீங்கின.

1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ திருகோணமலையைத் தனி மறைமாவட்டமாக்கினார். அதைப் பொறுப்பேற்றவர்கள் இயேசு சபைத் துறவிகள். முதலில் பிரெஞ்சுக்காரரும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கரும் வந்தனர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கல்விக்கூடங்கள் அவர்கள் உழைப்பில் வளர்ந்தன. இயேசு சபையின் விதிகளுள் ஒன்று, உயர் பதவியை நாடுவதில்லை என்ற வாக்குறுதி. அச்சபையிலிருந்து வந்த முதற் பாப்பரசர் பிரான்சிஸ். ஆகவே கிழக்கிலங்கையின் மூத்த கத்தோலிக்கருக்கு அவருடைய எளிமை முற்றிலும் புதிய செய்தியாக இருந்திருக்க முடியாது. தங்கள் பள்ளிகளில் கண்ட ஒரு மரபின் சாயலே இப்போது பேதுருவின் மாடத்தில் தெரிந்தது.

அந்த மரபுக்கு ஒரு பெயர் போதும்: யூஜின் ஹேபியர் அடிகள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் கற்பித்துக் கூடைப்பந்தும் பயிற்றுவித்தவர். பின்னர் மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழிற்கல்வி அளித்தார். 1990 ஆகத்து 15ஆம் திகதி, போர் உக்கிரமாயிருந்த வேளையில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தம் ஸ்கூட்டரில் ஒரு தமிழ் இளைஞனுடன் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. வெளிநாட்டவர் என்பதால் புறப்பட்டுப் போயிருக்க அவரால் முடியும். அவர் போகவில்லை. எளிமை என்பது உடையைப் பற்றிய பேச்சன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும், எளிமையைப் புகழும்போது நம் மக்களின் இயல்பையும் மறந்துவிடக் கூடாது. கொடியேற்றமும் நவநாளும் அலங்கரித்த திருச்சொரூபப் பவனியும் இல்லாத திருவிழாவை நம் கரையோரக் கத்தோலிக்கர் திருவிழாவென்றே ஏற்கமாட்டார்கள். ஓலைக் குடிசையில் வாழ்பவரும் மாதாவுக்கு முடி சூட்டப் பொன் கொடுப்பார். அது பகட்டன்று, அன்பு. வறியவர் தமக்கென்று இல்லாத அழகை ஆலயத்தில் பொதுச் சொத்தாக வைத்திருக்கிறார்கள். மாதாவுக்குச் சூட்டும் முடி வேறு, மனிதர் தமக்கே சூட்டிக்கொள்ளும் முடி வேறு. இந்த வேறுபாட்டை நம் மக்கள் நன்கறிவர். சடங்கின் மாண்பைக் காக்க விரும்பியோரின் கவலையிலும் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

உண்மையில் பாப்பரசர்களின் முடி பிரான்சிசுக்கு வெகு முன்னரே இறங்கத் தொடங்கிவிட்டது. 1964 நவம்பரில் 6ஆம் பவுல் தம் மூவடுக்கு முடியைக் கழற்றி, ஏழைகளுக்கென்று பலிபீடத்தில் வைத்தார். மறுமாதம் பம்பாய் வந்தபோது தமக்கு அளிக்கப்பட்ட காரை அன்னை தெரேசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். 1978இல் 33 நாட்களே பதவியிலிருந்த முதலாம் யோவான் பவுல் முடிசூட்டு விழாவே வேண்டாம் என்றார். 2000 மார்ச்சில் 2ஆம் யோவான் பவுல், பிற சமயத்தவருக்கும் பண்பாடுகளுக்கும் எதிராகத் திருச்சபையின் மக்கள் இழைத்த பிழைகளுக்காக இறைவனிடம் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். கோணேசர் கோயிலின் பெயர் அதில் இல்லை. ஆயினும் திருகோணமலையில் அதைக் கேட்டவருக்கு அந்தக் கற்கள் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

பிரான்சிசும் தம் எளிமையைப் பெரிதுபடுத்தவில்லை. அரண்மனையின் அறைகள் ஆடம்பரமானவை அல்ல, ஆனால் அங்கே மக்களைக் காண முடியாது. மனிதரின்றித் தம்மால் வாழ இயலாது என்பதே அவர் 2013இல் அளித்த விளக்கம்.

2015 சனவரி 13இல் அவர் இலங்கைக்கு வந்தார். கட்டுநாயக்காவிலிருந்து கொழும்பு வரை கொளுத்தும் வெயிலில் திறந்த வாகனத்தில், வழியெங்கும் மக்களைக் கண்டபடி வந்ததால் நேரம் கடந்துபோயிற்று. நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது ஆயர்களுடனான சந்திப்பு. வீதியில் நின்றவர்களுக்கு நேரம் கிடைத்தது, ஆயர்களுக்குக் கிடைக்கவில்லை! மறுநாள் காலிமுகத்திடலில் யோசேப் வாசைப் புனிதராக அறிவித்தார். அன்றே மடுவுக்குச் சென்று, போரில் உறவுகளை இழந்த தமிழ், சிங்களக் குடும்பங்களோடு மன்றாடினார்.

திருகோணமலைக்கு அவர் வரவில்லை. ஆனால் கொழும்பில், வந்த நாளன்றே நடந்த சர்வமத சந்திப்பில், இந்து சமயப் பெரியார் ஒருவர் தமிழ் முறைப்படி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பாப்பரசர் அதைத் தோளில் தாங்கியபடியே அமர்ந்திருந்தார். தமக்கு உரிமையான சிவப்புத் தோளாடையை வேண்டாம் என்றவர், கோயில் இழந்த ஒரு மக்களின் சமயம் தந்த பொன்னாடையை ஏற்றுக்கொண்டார். நாலு நூற்றாண்டுக் கணக்கு அதனால் தீர்ந்துவிடாது. ஆனாலும் இடிக்க வந்த கைக்கும், போர்த்தியதை ஏற்கத் தலை குனிந்த தோளுக்கும் இடையே எத்தனை தூரம்!

2025 ஏப்ரல் 21இல் பிரான்சிஸ் மறைந்தார். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் அதே திகதி. யோசேப் வாஸ் 1651இல் பிறந்ததும் அதே திகதி. மூன்று பேழைகளுக்குப் பதில் ஒரே பேழையில், 'பிரான்சிஸ்கஸ்' என்ற பெயரைத் தவிர வேறெதுவும் பொறிக்காத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதம் 8ஆம் திகதி மாடத்தில் தோன்றிய 14ஆம் லியோவின் தோளில் சிவப்புத் தோளாடை மீண்டும் இருந்தது. முன்பு முகம் சுளித்தவர் நிம்மதியடைந்தனர். முன்பு நெகிழ்ந்தவரிற் சிலர் ஏமாந்தனர். லியோவோ பெருவின் வறிய மக்களிடையே பல்லாண்டு பணிபுரிந்தவர்.

தோளில் என்ன துணி என்பதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. திருகோணமலை கேட்கும் கேள்வி வேறு: வருகிறவர் கோட்டை கட்ட வருகிறாரா, வீட்டு வாசலில் நிற்க வருகிறாரா? அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அவர் அரசரா, தந்தையா என்பது விளங்கும்.