பாவைகள் பகர்ந்த சான்று

மனிதன் தனித்திருக்கையில் எண்ணுவதும், பலரோடு கூடிவாழ்கையில் எண்ணுவதும் ஒன்றல்ல. தன்னைப் பற்றி அவன் கொள்ளும் மதிப்புக்கூடச் சூழவுள்ளோர் அவனை மதிக்கும் முறையினின்றே பெரிதும் உருவாகின்றது. இவ்வுண்மையை ஆராயும் துறையே சமூக உளவியல். அத்துறையின் முடிபுகள் சமுதாயத்தின் அநீதிகளைக் களைதற்குப் பயன்படுமா? பயன்படுமாயின் எவ்வளவிற்கு? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோர் ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலை வழக்குகளின் வரலாற்றை ஊன்றி நோக்குதல் தகும்.

அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1896ஆம் ஆண்டில், புகைவண்டிப் பயணம் பற்றிய பிளெசி வழக்கில், வசதிகள் சமமாயிருப்பின் இனத்தால் மக்களைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு மாறானதன்று எனத் தீர்த்தது. தென் மாநிலங்கள் இத்தீர்ப்பையே அரணாகக் கொண்டு கறுப்பினச் சிறார்க்கும் வெள்ளையினச் சிறார்க்கும் வெவ்வேறு பாடசாலைகளை நடாத்தின. பிரிவினை நிலைத்தது, சமத்துவமோ ஏட்டளவிலேயே நின்றது. கட்டடத்தாலும் நூல்களாலும் ஆசிரியர் வேதனத்தாலும் கறுப்பினப் பாடசாலைகள் தாழ்ந்தே கிடந்தன. எனினும் வேறொரு கேள்வி எஞ்சியிருந்தது: கட்டடமும் நூலும் வேதனமும் சமமாக்கப்பட்டால் பிரிவினை தீங்கற்றதாகிவிடுமா? கண்ணுக்குப் புலனாகாத இத்தீங்கை எவ்வாறு மெய்ப்பிப்பது?

இதற்கு வழிகாட்டியோர் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியர். மேமி அம்மையார் 1939இல் ஹவார்ட் பல்கலைக்கழக முதுமாணிப் பட்டத்திற்காகக் கறுப்பின இளஞ்சிறாரின் தன்னுணர்வு பற்றி ஆராய்ந்தார். அதன் தொடர்ச்சியாக இருவரும் மேற்கொண்ட ஆய்வில் நான்கு பாவைகள் பயன்பட்டன. தோலின் நிறமும் கூந்தலின் நிறமும் தவிர அவை எவ்வகையினும் ஒத்தவை. மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினச் சிறாரிடம், விளையாட விரும்பும் பாவை எது, நல்ல பாவை எது, தீயதாகத் தோன்றும் பாவை எது என வினவினர். ஈற்றில், உன்னைப் போன்ற பாவை எது என்றும் வினவினர். 1947இல் வெளியான முடிபின்படி, நூற்றுக்கு 67 பேர் விளையாடுதற்கு வெள்ளைப் பாவையையே வேண்டினர்; 59 பேர் கறுப்புப் பாவையே தீயதாகத் தோன்றுகின்றது என்றனர். கடைசி வினாவைக் கேட்டதும் சில குழந்தைகள் அழுதனர். தீயது எனத் தாமே சுட்டிய பாவையைத் தம்முருவாக ஏற்க நேர்ந்ததன் துயரம் அது.

தென் கரோலைனா மாநிலத்தின் கிளாரண்டன் பகுதியில் எழுந்த வழக்கிற்காக 1951இல் கென்னத் கிளார்க் அங்குள்ள 16 சிறாரைச் சோதித்துச் சாட்சியம் அளித்தார். அவர்களுள் பதின்மர் வெள்ளைப் பாவையை விரும்பினர்; பதினொருவர் கறுப்புப் பாவையைத் தீயதென்றனர். பாவைகளைக் கொண்டு வழக்காடுவதா என நகைத்தோர் வழக்குரைஞர் குழுவிலேயே இருந்தனர். ஆயினும் அக்குழுவின் தலைவராகிய தேர்குட் மார்ஷல் அச்சான்றைக் கைவிட்டாரல்லர். நான்கு மாநிலங்களின் வழக்குகளை ஒருங்கே விசாரித்த உயர் நீதிமன்றம், பிரவுண் வழக்கு எனப் பெயர்பெற்ற அவ்வழக்கில், பாடசாலைப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என 1954 மே 17ஆம் நாள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. பிரதம நீதியரசர் ஏர்ள் வாறன் எழுதிய அத்தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வறிக்கை இடம்பெற்றது.

இத்துடன் முடிப்பின் இது வெற்றிக் கதையாகும், வரலாறாகாது. அவ்வாய்வின் எண்களை மீண்டும் நோக்குவோம். தென்னாட்டின் பிரிவினைப் பாடசாலைகளிற் பயின்ற சிறாருள் நூற்றுக்கு 49 பேரே கறுப்புப் பாவையைத் தீயதென்றனர். வடநாட்டில் வெள்ளையினச் சிறாரோடு ஒருங்கு பயின்றோருள் அவ்வாறு கூறியோர் 71 பேர். இவ்வெண்களை மட்டும் கொண்டு பார்த்தால் பிரிவினையே நன்று எனவும் ஒருவர் வாதிடலாம். தென்னாட்டுக் குழந்தைகள் தாழ்வை இயல்பென ஏற்றுக்கொண்டமையே அவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்பது கிளார்க்கின் விளக்கம். அது பொருந்துவதே. ஆயினும் எண் தானாகப் பேசவில்லை என்பதும், அதற்குப் பொருள் உரைத்தவர் மனிதரே என்பதும் இதனாற் புலனாகும். தீங்கு பாடசாலையின் சுவருக்குள் மட்டும் பிறந்ததன்று, நாடெங்கும் பரந்திருந்தது.

இவ்விடரை முன்னறிந்து கூறியவர் எட்மண்ட் கான் என்னும் சட்ட அறிஞர். மனிதனின் அடிப்படை உரிமை, மாறக்கூடிய ஆய்வு முடிபுகளின்மேல் நிற்றலாகாது என 1955இலேயே அவர் எழுதினார். அவர் அஞ்சியது நடந்தது. 1963இல் ஜோர்ஜியா மாநிலத்துச் சவானா நகர வழக்கில் பிரிவினையை ஆதரித்தோரும் தம் பக்கத்து ஆய்வாளரைச் சாட்சிகளாகக் கொணர்ந்தனர். பிரிவினை இரு சாராருக்கும் நன்மையே என அவர் கூறியதைக் கீழ்நீதிமன்றமும் ஏற்றது. மறு ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்காதிருந்தால், ஒரு சாட்சி கொடுத்த உரிமையை மறுசாட்சி பறித்திருக்கும்.

தீர்ப்பு மட்டும் பாடசாலைக் கதவுகளைத் திறந்துவிடவுமில்லை. பத்தாண்டு கழிந்தும் பதினொரு தென் மாநிலங்களில் வெள்ளையினச் சிறாரோடு ஒருங்கு பயின்ற கறுப்பினச் சிறார் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம், பிரிவினையைக் கைவிடாத பாடசாலைகளுக்கு மத்திய அரசின் பணத்தை நிறுத்த வழிசெய்த பின்னரே நிலைமை விரைந்து மாறிற்று.

எனின் அப்பாவைகளாற் பயன் யாது? ஒரு குழந்தையை ஒதுக்கி வைத்தல் தவறென்பது, அதனால் அதன் உள்ளம் நொந்தது என மெய்ப்பித்த பின்னரே தவறாவதன்று. நோவை வெளிக்காட்டாத குழந்தைக்கும் அவ்வுரிமை உண்டு. எனவே நீதிக்கு அடித்தளம் அமைத்தல் சமூக உளவியலின் பணியன்று. நீதியை வழங்க வேண்டியோர் காண மறுத்த புண்ணைக் காட்டுவதே அதன் பணி. அப்பணியைக் கிளார்க் தம்பதியர் செவ்வனே ஆற்றினர். நூலும் மேசையும் சமமாயின் யாவும் சமம் என்றிருந்தோர், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் குழந்தை தன்னை என்னவென்று எண்ணுகின்றது என்பதையும் கேட்க வேண்டியவராயினர். அக்கேள்வியை நாள்தோறும் கேட்கும் கடன் ஆசிரியராகிய நமக்கும் உரியதேயாம்.