கீழ்ப்புதுப்பட்டு முகாமும் குடியுரிமையும்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் வந்து, கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் கீழ்ப்புதுப்பட்டு வரும். விழுப்புரம் மாவட்டத்து ஊர்; அய்யனார் கோயிலுக்குப் பேர்போனது. இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இங்கு உள்ளது.

இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்து இத்தகைய முகாம்களில் தங்கியோர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். வடக்கு, கிழக்கு மாகாணத்தார் இலங்கைக் குடிமக்கள். மலையகத்தார் கதை வேறு. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த இவர்களில் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. மலையிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிவந்த ரயிலுக்கு ஊரார் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அங்கிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல்.

1984-இல் கப்பல் நின்றது. கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியவர், குடிமகன். உயிருக்குப் பயந்து படகேறியவர் அகதி. சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. பாட்டன் பிறந்த ஊர் ஒன்றே ஆனாலும், மலையகத்தார் 'பிரஜாவுரிமை' என்று சொல்லும் குடியுரிமையை வந்த வழியே தீர்மானித்தது. இதற்கு மாறாக, கொச்சி யூதர்கள் 1950-களில் இஸ்ரேல் போனபோது, 1950-ஆம் ஆண்டின் திரும்பும் சட்டம் அவர்களை வரவேற்றுக் குடியுரிமைக்கு வழி திறந்தது. இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழருக்கு இந்தியாவில் அப்படியொரு சட்டம் எழுதப்படவில்லை.

பிறந்த தேதியும் குறுக்கே நிற்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அன்று முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். அகதிக் குடும்பத்தில் 1986-இல் இங்கே பிறந்த அக்கா இந்தியர், 1988-இல் பிறந்த தம்பி அல்லர். ஆகவே முகாம்களில் உதவி என்பது பெரும்பாலும் காகிதத்தைத் தேடுவதுதான்: பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவேடு, இரண்டிலும் தகப்பன் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்ற சரிபார்ப்பு. சந்திரஹாசன் என்பவர் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் பிறந்த பிள்ளைகள் நாடற்றவர் ஆகாமலிருக்க அவர்களைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியவைக்கும் பணியைச் செய்துவந்துள்ளது.

2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்காமல் விட்டது பெரும் அநீதி. 2021-இல் முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாறின. 7,469 புது வீடுகள் அறிவிக்கப்பட்டன.