பனிச்சங்கிலியும் குளிர்கால டயரும்

பனியிலும் சேற்றிலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலாமலும், பிரேக் போட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போகாமலும் காக்கும் சாதனங்கள் பல. டயர்மேல் பூட்டும் இரும்புச் சங்கிலி, ஆணி பதித்த டயர், குளிரில் விறைக்காத ரப்பரால் ஆன டயர், டாங்கிகளில் காண்பது போன்ற தொடர்பட்டை ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் பழையவற்றுக்கு ஏறத்தாழ மோட்டார் வண்டியின் வயது. ஒவ்வொன்றும் பிடிப்பைக் கொடுத்து, அதற்கான செலவை யாரோ ஒருவர் தலையில் கட்டியது. முதலில் அந்தச் செலவை ஏற்றது டயர், பிறகு சாலை, கடைசியில் சாலையோரம் மூச்சுவிட்டவர்கள்.

1904ஆம் ஆண்டைச் சங்கிலியின் வரலாற்றுக்குத் தொடக்கமாகக் கொள்ளலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹாரி வீட், டயர் சங்கிலிக்கு அந்த ஆண்டு காப்புரிமை பெற்றார். அன்றைய காற்றடைத்த டயர்கள் மொட்டையாக இருந்தன. சாலைகளோ பெரும்பாலும் மண். ஓட்டுநர்கள் கயிற்றையும் காட்டுக் கொடிகளையும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சேற்றைக் கடப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். இருபுறமும் ஓடும் இரண்டு வளையச் சங்கிலிகள், அவற்றை இணைத்து டயரின் குறுக்கே கிடக்கும் துண்டுச் சங்கிலிகள்: அவ்வளவுதான் அமைப்பு. நூற்றாண்டு கடந்தும் அது பெரிதாக மாறவில்லை. சங்கிலிக்கு அப்போதே கிடைத்த புகழுக்கு ஒரு சான்று உண்டு. கட்டவிழ்க்கும் வித்தைக்காரர் ஹூடினி 1908இல் நியூயார்க் மேடையில் வீட் சங்கிலிகளால் கார்ச் சக்கரங்களோடு தன்னைப் பிணைக்கச் சொல்லி, அதிலிருந்தும் வெளியே வந்தார்.

அதே 1904இல் ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் வரிப்பள்ளங்கள் கொண்ட டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சில ஆண்டுகள் கழித்துத் தன் பெயரையும், வழுக்காது என்ற பொருள்தரும் சொற்களையும் டயரின் மேற்பரப்பிலேயே புடைப்பெழுத்தாக வார்த்தது. அந்த எழுத்துகள்தான் தரையைப் பற்றும் புடைப்புகள், அதாவது பட்டன்கள். சேற்றில் வண்டி போன வழியெல்லாம் விளம்பரம் அச்சாகிக்கொண்டே போயிருக்கும்.

சக்கரத்தையே ஒதுக்கிவிட்டு யோசித்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்வின் லம்பார்ட், பனிமூடிய காட்டிலிருந்து மரம் இழுக்க, தொடர்பட்டையில் ஓடும் நீராவி எஞ்சினுக்கு 1901இல் காப்புரிமை வாங்கினார். கலிஃபோர்னியாவின் டெல்டா வயல்களில் கனத்த நீராவி டிராக்டர்கள் புதைந்துபோனதால் பெஞ்சமின் ஹோல்ட் 1904 நவம்பரில் தொடர்பட்டை டிராக்டரை ஓட்டிக் காட்டினார். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸின் கார்களைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் அடோல்ஃப் கெக்ரெஸ், பின்சக்கரங்களுக்கு ரப்பர் பட்டையும் முன்னால் பனிச்சறுக்குக் கட்டையும் பொருத்தினார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் இதே அமைப்பு லெனினின் ரோல்ஸ் ராய்ஸில் ஏறியது. கெக்ரெஸ் பிரான்ஸ் திரும்பி, சித்ரோயன் நிறுவனத்துக்காகச் செய்த வண்டிகள் 1922-23 குளிர்காலத்தில் சஹாராவைக் கடந்தன.

சேற்றின் வலிமையை உலகம் பெரிய அளவில் கண்டது 1941 இலையுதிர்காலத்தில். மழையாலும் பனி உருகுவதாலும் சாலைகள் சகதியாகும் பருவத்துக்கு ரஷ்ய மொழியில் ரஸ்புதித்ஸா என்று பெயர். மாஸ்கோவை நோக்கி வந்த ஜெர்மன் படையின் லாரிகள் அதில் அச்சுவரை அமிழ்ந்தன. சோவியத் டி-34 டாங்கியின் பட்டை சுமார் அரை மீட்டர் அகலம். ஜெர்மன் டாங்கிகளுடையது குறுகல். எடை பரவும் பரப்பு கூடினால் மண்மேல் அழுத்தம் குறையும், புதைவதும் குறையும். ஜெர்மானியர்கள் பின்னர் அகலமான பட்டைகளைச் செய்து மாட்டினார்கள். அந்த முதல் ஆண்டில் அவர்களுக்குக் கைகொடுத்தவை உள்ளூர் விவசாயிகளின் இலேசான குதிரை வண்டிகள்.

இன்றைய குளிர்கால டயரின் வேர் ஃபின்லாந்தில் இருக்கிறது. நோக்கியா ஊரிலிருந்த ரப்பர் ஆலை 1934இல் லாரிகளுக்கென்று முதல் குளிர்கால டயரை வெளியிட்டது. 1936இல் கார்களுக்கான ஹக்கபெலீத்தா வந்தது. முப்பதாண்டுப் போரில் சண்டையிட்ட ஃபின்லாந்துக் குதிரைப்படையின் பெயர் அது. இன்றும் அதே பெயரில் டயர் விற்பனையாகிறது.

சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் இளக்கமாக இருக்கும். பட்டன்களில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். ஆனால் கண்ணாடிபோல் உறைந்த சாலைக்கு அதுவும் போதாது. அதற்கு வந்த விடை ஆணி. டங்ஸ்டன் கார்பைடு முனைகொண்ட ஆணிகள் பதித்த டயர்கள் 1960களில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வட அமெரிக்கா, ஜப்பான் வரை பரவின.

பனி இருக்கும்வரை ஆணி நல்லது. பனி இல்லாத நாளில் அது சாலையை அரைக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1971இல் தடை விதித்தது, ஜெர்மனி 1975இல். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று ஜப்பானின் செந்தாய். 1980களில் குளிர்காலம் வந்தால் அங்கே அரைபட்ட தார்ச்சாலையின் தூசு நகர்மேல் படிந்தது. மக்கள் முகமூடி போட்டுக்கொண்டு நடந்தார்கள். மியாகி மாகாணம் 1985இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1990இல் நாடு தழுவிய சட்டம் வந்தது. அந்த நெருக்கடிதான் ஆணியில்லாத டயரை வளர்த்தது. பிரிட்ஜ்ஸ்டோன் 1988இல் வெளியிட்ட பிளிஸ்ஸாக்கின் ரப்பரில் நுண்துளைகள் நிறைந்திருந்தன. பனிக்கட்டியின் மேல் வழுக்கலுக்குக் காரணமான மெல்லிய நீர்ப்படலத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். தடை விழாமல் இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சி இவ்வளவு விரைவாக நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

பனிக்கும் சேற்றுக்கும் ஒரே டயர் என்ற எண்ணத்தைச் சந்தையில் நிலைநிறுத்தியது எம்+எஸ் முத்திரை. சேறு, பனி இரண்டின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. உண்மையில் இரண்டும் கேட்பது எதிரெதிரான குணங்களை. சேற்று டயரின் பட்டன்கள் பெரிதாக, விலகி நிற்க வேண்டும். பள்ளத்தில் புகுந்த சேற்றைச் சுழற்சியிலேயே உதறிவிட வேண்டும். பனி டயரோ பனியைப் பள்ளங்களில் இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பனியில் நன்றாக ஒட்டுவது பனிதான்; பனிப்பந்து உருட்டும் குழந்தைக்கும் இது தெரியும். எம்+எஸ் பெறப் பள்ளங்களின் அமைப்பே போதும். ஓட்டிப் பார்க்கும் சோதனை கட்டாயமில்லை. அந்தக் குறை தெரிந்து, 1999இல் வட அமெரிக்க ரப்பர் சங்கங்கள் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த புதிய சின்னத்தை ஏற்றன. பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அது கிடைக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் குளிர்காலச் சாலைக்கு வெறும் எம்+எஸ் போதாது.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் இவையெல்லாம் வேண்டாம் என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. அது வண்டியைக் கிளப்ப உதவும். பனிச்சாலையில் நிறுத்த உதவாது. கலிஃபோர்னியாவின் சியெரா மலைப்பாதைகளில் உள்ள சங்கிலிக் கட்டுப்பாட்டின் மூன்று படிநிலைகளில் நடுப்படியான ஆர்2இல், பனி டயர் மாட்டிய நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குச் சங்கிலி பூட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சங்கிலியை உடன் வைத்திருக்க வேண்டும். ஆர்3 வந்தால் விலக்கே இல்லை. சங்கிலி மாட்டினால் பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும்.

தமிழர்கள் திரளாக வாழும் டொரண்டோவில் இந்தத் தேர்வு ஆண்டுதோறும் வரும் வீட்டுச் செலவு. அந்நகரம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில் ஆணி டயருக்கு இன்றும் தடை. வடபகுதியில் 2005 முதல் அனுமதி. குளிர்கால டயர் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் அதை மாட்டினால் காப்பீட்டு நிறுவனங்கள் 2016 முதல் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டமே கட்டாயப்படுத்துகிறது.